தவளைக்கு எது ஆகும், எது ஆகாது?

தவளை வளர்ப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில் உணவு சம்பந்தப்பட்டவற்றை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டோம். எதற்கும் முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தவளை கடித்து மென்று ருசி பார்ப்பதில்லை. கண்ணுக்கு முன்னால் அசைவது வாய்க்குள் அடங்குமென்று பட்டால் நாக்கை வீசிவிடும். இரை வாய்க்குள் போனதும் கண்களை உள்ளே இழுத்து, அவற்றாலேயே தொண்டைக்குள் தள்ளும். ஆகவே 'அதற்கே தெரியும்' என்று விட்டுவிட முடியாது. எதை எதிரே விடுகிறோம் என்பது முழுக்க வளர்ப்பவர் கையில் இருக்கிறது.

கேள்வி: எங்கள் வீட்டில் எல்லோரும் சைவம். மகன் ஆசைப்பட்டான் என்று மரத்தவளை ஒன்று வாங்கினோம். பழத்துண்டு, வேகவைத்த காய், சோறு, பால் என்று கொடுத்துப் பழக்க முடியுமா?

பதில்: முடியாது. வளர்ந்த தவளை ஊனுண்ணி. செடிகொடியைச் செரிப்பதற்கான ஏற்பாடு அதன் குடலில் இல்லை. பிரேசிலில் செனோஹைலா ட்ரங்கேட்டா என்ற ஒரு மரத்தவளை பழம் தின்னும். செல்லப்பிராணிக் கடையில் விற்கும் தவளை அதுவல்ல. சோறும் ரொட்டியும் வயிற்றில் கிடந்து புளிக்கும், வயிறு ஊதும். பாலும் பாலாடைக்கட்டியும் வேண்டவே வேண்டாம். உப்போ மசாலாவோ சேர்ந்த எதுவும் அதைவிடக் கெடுதல். தவளை தோல் வழியாகத்தான் தண்ணீர் குடிக்கிறது. தொட்டியில் சிந்திய உப்புகூட அதன் உடம்பின் நீர்ச்சமநிலையைக் குலைத்துவிடும்.

சமைக்காத இறைச்சித் துண்டு கொடுக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். வெறும் தசையில் கால்சியம் கிட்டத்தட்ட இல்லை. அதை மட்டும் தின்று வளரும் தவளைக்கு எலும்பு நிற்காது.

உயிருள்ள பூச்சிகளை வீட்டில் வைத்துக்கொள்ள மனம் ஒப்பவில்லை என்றால், தவளை வளர்க்கத் தெரிந்த ஒருவரிடம் அதை ஒப்படைத்துவிடுங்கள். வெளியே கொண்டுபோய் விட வேண்டாம். தொட்டியில் வளர்ந்த தவளை சுமக்கும் நோய்க்கிருமி, வெளியில் இருக்கும் தவளைகளையும் தொற்றும்.

கேள்வி: எட்டு மாதமாக வளர்க்கும் மரத்தவளை, கடையில் கிரிக்கெட் என்று விற்கும் சுவர்க்கோழிப் பூச்சியை நன்றாகத்தான் தின்றுவந்தது. இரண்டு வாரமாகத் தாவும்போது தடுமாறுகிறது, விரல்கள் துடிக்கின்றன, கீழ்த்தாடை தொங்கினாற்போல் தெரிகிறது. உணவில் குறையா?

பதில்: நீங்கள் சொல்லும் மூன்று அடையாளங்களும் எலும்பில் சுண்ணாம்புச்சத்து கரைவதைக் காட்டுகின்றன. நீர்நில உயிர்களைப் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் நாளைக்கே கொண்டுபோங்கள். விரல் துடிக்கிறது என்றால் இரத்தத்திலேயே கால்சியம் குறைந்துவிட்டது என்று அர்த்தம். பூச்சியின் மேல் தூள் தூவிச் சரிசெய்யும் கட்டம் தாண்டிவிட்டது. அதுவரை உயரமான கிளைகளைத் தொட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள்; இந்த நிலையில் சின்னதாக விழுந்தாலே எலும்பு முறியும்.

இனி காரணம். தவளையின் உணவில் கால்சியம் பாஸ்பரஸுக்குச் சமமாகவாவது இருக்க வேண்டும். ஒன்றரை, இரண்டு மடங்கு இருந்தால் நல்லது. சுவர்க்கோழியில் கணக்கு தலைகீழ்: ஒரு பங்கு கால்சியத்துக்கு ஏறத்தாழ 7 முதல் 9 பங்கு பாஸ்பரஸ். கடையில் தீனியாக விற்கும் மாவுப்புழுவில் (ஒரு வண்டின் புழு) அதைவிட மோசம். பாஸ்பரஸ் மிதமிஞ்சும்போது உடம்பு தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுத்து ஈடுகட்டுகிறது. வயிறு நிறையத் தின்ற தவளை சத்துக்குறைவில் விழுவது இப்படித்தான். தீனி குறைந்ததால் வந்த நோய் அல்ல இது.

பாஸ்பரஸ் கலக்காத, வைட்டமின் டி3 சேர்ந்த கால்சியம் தூள் வாங்குங்கள். டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். பாஸ்பரஸ் கலந்ததும் அதே அலமாரியில்தான் இருக்கும். ஒரு வேளைக்கான பூச்சிகளை உலர்ந்த டம்ளரிலோ பிளாஸ்டிக் பையிலோ போட்டு, இரண்டு விரலில் எடுக்கும் சிட்டிகை அளவு தூளைப் போட்டு மெதுவாகக் குலுக்குங்கள். பூச்சி வெளுத்துத் தெரிந்தால் போதும், தூளில் புதைய வேண்டியதில்லை. உடனே தவளைக்கு விடுங்கள். நேரம் போகப்போகச் சுவர்க்கோழி தன் உடம்பைத் தானே துடைத்துத் தூளை உதிர்த்துவிடும். காலையில் தூவி இரவில் விடுவது வீண்வேலை.

வளரும் குட்டிக்கு ஏறக்குறைய ஒவ்வொரு வேளையும் கால்சியம், வாரம் ஒருமுறை அதற்குப் பதிலாகப் பல வைட்டமின்கள் கலந்த தூள். வளர்ந்த தவளைக்கு வாரம் இரண்டு முறை கால்சியம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வைட்டமின். கூடுதல் நல்லதுதானே என்று இரட்டிப்பாக்க வேண்டாம். டி3 மிஞ்சினால் சிறுநீரகத்திலும் இரத்தக்குழாயிலும் சுண்ணாம்பு படியும். திறந்த டப்பாவை ஆறு மாதத்துக்கு மேல் நம்பாதீர்கள். ஈரமும் வெளிச்சமும் பட்டால் வைட்டமின் செத்துவிடும், தூள் மட்டும் பார்க்க அப்படியே இருக்கும்.

கேள்வி: வாங்கிவந்த சுவர்க்கோழிகளை அன்றே கொடுத்துவிடலாமா? இரண்டு நாளில் பாதி செத்துப்போகின்றன.

பதில்: அன்றே கொடுக்காதீர்கள். பெட்டியில் அடைபட்டுப் பயணம் செய்து வரும் பூச்சியின் வயிறு பெரும்பாலும் காலியாக இருக்கும். அதைக் கொடுப்பது வெறும் கூட்டைக் கொடுப்பது போல. பூச்சி எதைத் தின்றதோ அதைத்தான் தவளையும் தின்கிறது. தவளைக்கு நேராகக் கொடுக்க முடியாத காயையும் கீரையையும் பூச்சியின் வயிற்றில் ஏற்றிக் கொடுக்க முடியும். 24 முதல் 48 மணி நேரம் பூச்சிக்கு நன்றாக ஊட்டி, பிறகு விடுங்கள்.

அரை அடி, முக்கால் அடி உயரமுள்ள வழவழப்பான பிளாஸ்டிக் பெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். மூடியில் கையகலத்துக்கு வெட்டி உலோக வலை ஒட்டுங்கள். நைலான் வலையைக் கடித்துத் துளைத்துவிடும். உள்ளே முட்டை அட்டைகளைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வையுங்கள், எச்சம் கீழே விழுந்துவிடும். ஒரு மூடியில் ஓட்ஸ், கோதுமைத் தவிடு, கோழிக்குஞ்சுத் தீவனம் ஏதாவது ஒன்று. இன்னொன்றில் கேரட், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பூசணி, நன்றாக அலசிய கடுகுக்கீரை. பாலக்கீரை மட்டும் வேண்டாம். அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிப்போடும், தவளையின் சிறுநீரகத்தில் கல்லாகவும் படியும்.

பாதி சாவதற்குக் காரணம் பெரும்பாலும் ஈரம்தான். திறந்த தண்ணீர்க் கிண்ணத்தில் மூழ்கிச் சாகும். அழுகிய காயில் பூஞ்சை பிடித்துச் சாகும். தண்ணீருக்கு நனைத்துப் பிழிந்த பஞ்சு போதும். காய்களைத் தினமும் மாற்றுங்கள், செத்ததை அன்றன்றே எடுத்துவிடுங்கள். கால்சியம் ஏற்றிய தனித் தீவனம் கிடைத்தால் கடைசி இரண்டு நாள் மட்டும் வையுங்கள். நாள்கணக்கில் அதையே தின்றால் பூச்சியே தாங்காது.

தவளை பதினைந்து நிமிடத்தில் தின்றது போக மீந்த சுவர்க்கோழிகளைத் தொட்டியில் விட்டுவைக்கக் கூடாது. பசித்த சுவர்க்கோழி தூங்கும் தவளையின் விரலையும் கண்ணோரத்தையும் கடிக்கும். பிடிபடாமல் ஒன்றிரண்டு ஒளிந்துகொண்டால் ஒரு துண்டு கேரட்டை மூலையில் போட்டுவையுங்கள், அங்கே போய்ச் சேரும்.

கேள்வி: தோட்டத்திலும் விளக்கடியிலும் இவ்வளவு பூச்சி இருக்கும்போது காசு கொடுத்து வாங்க வேண்டுமா?

பதில்: இயற்கையில் தவளை அவற்றைத்தானே தின்கிறது என்று தோன்றும். ஆனால் உங்கள் விளக்கடிக்கு வந்த பூச்சி எந்த மருந்தடித்த வயலைத் தாண்டி வந்தது என்று சொல்ல முடியாது. பூச்சிமருந்தில் அரைகுறையாகச் சாகும் பூச்சி தள்ளாடும். தள்ளாடுவதைத்தான் தவளை முதலில் பிடிக்கும். வீட்டுக் கரப்பானும் அப்படியே, பக்கத்து வீட்டில் வைத்த விஷப்பசையைத் தின்றுவிட்டு உங்கள் வீட்டுக்கு வந்திருக்கும். நத்தை, ஓடில்லா நத்தை இரண்டும் ஒட்டுண்ணிப் புழுக்களைச் சுமப்பவை. நத்தைக்கு வைத்த மருந்தும் அவற்றின் உடம்பில் இருக்கலாம்.

மருந்தே அடிக்காத இடமென்று உறுதியாகத் தெரிந்தாலும் சிலவற்றைத் தொடக் கூடாது. முதலாவது மின்மினி. அதன் உடம்பில் லூசிபுஃபாஜின் என்ற நஞ்சு இருக்கிறது. தேரையின் தோல் நஞ்சுக்கு நெருங்கிய உறவு, இதயத்தைத் தாக்கும். வளர்ப்புத் தாடி ஓணான்கள் மின்மினி தின்று செத்த செய்தி 1999-இல் ஆய்விதழில் வெளியானது. அந்த அளவு ஓணானுக்கே ஆகாததைச் சின்னத் தவளைக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டாம். குழந்தைகள் வேடிக்கைக்காகப் பிடித்துவந்து தொட்டியில் விடுவார்கள். அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அடுத்து கம்பளிப்புழு, தேனீ, குளவி, பூரான், மரவட்டை, பளிச்சென்ற நிறமுள்ள வண்டுகள், கடிக்கும் எறும்புகள். எருக்கம் போன்ற பால் வடியும் செடிகளில் மேயும் புழுக்கள் அந்தச் செடியின் நஞ்சை உடம்பில் சேர்த்து வைத்திருக்கும், அவையும் ஆகாது.

மண்புழு மட்டும் வேறு கதை. மருந்தும் ரசாயன உரமும் படாத மண்ணிலிருந்து எடுத்ததென்றால் தவளைக்கு இதைவிட நல்ல உணவு குறைவு. மென்மையானது, புரதம் நிறைந்தது, கால்சியமும் சுவர்க்கோழியைவிட மேல். அலசி, ஈரத்தாளில் ஓர் இரவு வைத்தால் குடலிலுள்ள மண் வெளியேறிவிடும். சின்னத் தவளைக்குத் துண்டாக்கி, சாமணத்தில் பிடித்து ஆட்டிக் காட்டலாம். ஆனால் உரத்தொட்டியில் வளர்க்கும் மெல்லிய சிவப்புப் புழுவை எடுக்காதீர்கள். தொந்தரவு செய்தால் மஞ்சளாக நாற்றமடிக்கும் நீரைக் கசியவிடும். பல தவளைகள் உடனே துப்பிவிடும், சில அதற்குப் பிறகு மண்புழு என்றாலே வாயை மூடிக்கொள்ளும்.

கேள்வி: மாவுப்புழு தவளையின் வயிற்றைக் கடித்துத் துளைத்துக்கொண்டு வெளியே வரும் என்கிறார்களே?

பதில்: வராது. விழுங்கிய சிறிது நேரத்தில் செரிமானச் சாற்றிலும் காற்றின்மையிலும் செத்துவிடும். மாவுப்புழுவின் குறை அதன் தடித்த ஓடு. தோலுரித்த கையோடு வெள்ளையாக இருப்பவற்றைப் பொறுக்கி எப்போதாவது ஒன்றிரண்டு கொடுக்கலாம். மெழுகுப்புழுவில் (தேன்கூட்டைத் தின்னும் அந்துப்பூச்சியின் புழு) கொழுப்பு மிகுதி. நோயில் இளைத்த தவளையைத் தேற்ற உதவும், வாடிக்கையாகக் கொடுத்தால் வேறெதையும் தொடாது. மாவுப்புழுவைப் போலவே, ஆனால் அதைவிடப் பெரிதாக இருக்கும் சூப்பர் புழுவும் கொழுப்புதான், பெரிய தவளைக்கு மட்டும். பட்டுப்புழு நல்லது. கருஞ்சிப்பாய் ஈயின் புழுவில் கால்சியம் இயல்பாகவே பாஸ்பரஸைவிட அதிகம், ஆனால் மேல்தோல் கெட்டி. முழுசாகப் போய் முழுசாகவே வெளியே வருவதுண்டு. கொடுக்கும் முன் ஊசிமுனையால் ஒரு குத்து குத்திவிடுங்கள்.

அன்றாட முதன்மை உணவாக வைத்துக்கொள்ள, தீனிக்கென்றே வளர்க்கும் டூபியா கரப்பானைச் சொல்வோம். வழவழப்பான சுவரில் ஏறாது, சத்தமில்லை, நாற்றமில்லை, சதை அதிகம். மண்ணில் புதைந்துகொள்ளும் என்பதால் கிண்ணத்திலோ சாமணத்திலோ கொடுங்கள். எதைக் கொடுத்தாலும் இரையின் நீளம் தவளையின் இரு கண்களுக்கு இடையிலான தூரத்தைத் தாண்டக் கூடாது. மண்புழு போன்ற மெல்லுடலிக்கு மட்டும் இதில் சற்றுத் தாராளம் காட்டலாம்.

கேள்வி: காய்ந்த சுவர்க்கோழி டப்பாவில் கிடைக்கிறதே?

பதில்: அசையாததால் தவளை பார்க்காது, சாமணத்தில் ஆட்டினால் சில தின்னும். ஈரமும் வைட்டமினும் போனது. ஊருக்குப் போகும் இரண்டு நாள் சமாளிக்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

கேள்வி: என்னிடம் பேக்மேன் கொம்புத் தவளை இருக்கிறது. வாரம் ஒரு எலிக்குஞ்சு கொடுத்தால் சீக்கிரம் பெரிதாகும் என்றார் விற்றவர். நடுவில் தங்கமீனும் போடுகிறேன். சரியா?

பதில்: இரண்டும் வேண்டாம். பெரிதாகும் என்பது உண்மைதான். கொழுத்துப் பெரிதாகும். கொம்புத் தவளை ஒரே இடத்தில் மண்ணுக்குள் உட்கார்ந்து இரைக்காகக் காத்திருக்கும் உயிர், தின்றதை எரிக்க அதற்கு வழியில்லை. ஈரலில் கொழுப்பு சேரும். எலிக்குஞ்சு அடிக்கடி தின்னும் தவளைகளுக்குக் கருவிழியில் வெள்ளைப் படலமாகக் கொழுப்பு படிந்து பார்வை போவதும் உண்டு. படிந்தது திரும்பக் கரைவது அபூர்வம். எலிக்குஞ்சு கொடுத்தே ஆக வேண்டுமென்றால் வளர்ந்த தவளைக்கு மாதத்துக்கு ஒன்றுக்கு மேல் போகாதீர்கள்.

தங்கமீனில் தயாமினேஸ் என்ற நொதி இருக்கிறது, வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும். தொடர்ந்து தின்றால் நரம்பு தளர்ந்து உடம்பு வெட்டி இழுக்கும். உறைய வைத்துக் கொடுத்தாலும் அந்த நொதி சாகாது.

வளர்ந்த கொம்புத் தவளைக்கு ஏழு முதல் பத்து நாளுக்கு ஒருமுறை இரண்டு பெரிய மண்புழுவோ ஐந்தாறு டூபியாவோ போதும். குட்டிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள். சாமணத்தால் கொடுக்கும்போது முனையில் ரப்பர் உறை இருக்கட்டும், இரும்பைக் கவ்வினால் தாடை கிழியும். தேங்காய்நார்த் தூளோடு சேர்த்து விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும். உண்ணும் நேரத்தில் ஈரத்தாள் விரித்த தனிப் பெட்டிக்கு மாற்றுவது நல்லது.

கேள்வி: மீன்தொட்டியில், தண்ணீருக்குள்ளேயே வாழும் குள்ளத் தவளைகள் இரண்டு விட்டேன். மீன் உணவு தினமும் போடுகிறேன். மீன் கொழுக்கிறது, தவளை இளைக்கிறது.

பதில்: மீன் முந்திக்கொள்கிறது. குள்ளத் தவளைக்கு நாக்கு கிடையாது, பார்வையும் மட்டம். மோப்பம் பிடித்து நிதானமாக வந்து சேர்வதற்குள் உணவு காலி. உறைந்த இரத்தப்புழுவை (கொசு போன்ற ஒரு பூச்சியின் சிவப்புப் புழு) தொட்டித் தண்ணீர் கொஞ்சம் எடுத்த கிண்ணத்தில் கரையவிட்டு, டிராப்பரில் உறிஞ்சி, தவளையின் மூக்குக்கு நேராக மெல்ல விடுங்கள். அல்லது தரையில் ஒரு மண்தட்டு வைத்து எப்போதும் அதே இடத்தில் போடுங்கள், சில நாளில் பழகிவிடும். ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். ஆர்டீமியா என்ற சின்ன உப்புநீர் இறாலையும் உறைந்ததாக நடுவில் மாற்றிக் கொடுங்கள். உலர்த்திய இரத்தப்புழுவை ஊறவைக்காமல் போட்டால் வயிற்றுக்குள் போய் உப்பும்.

கேள்வி: தலைப்பிரட்டைகளுக்கு முன்னங்கால் முளைத்துவிட்டது. இரண்டு நாளாக எதையும் தொடவில்லை.

பதில்: தொடாது. வாய் புழுபூச்சி தின்னும் வாயாக மாறிக்கொண்டிருக்கிறது, வாலைக் கரைத்து அதையே உணவாக்கிக்கொள்கிறது. இப்போது தீனி போட்டால் தண்ணீர்தான் கெடும். அதுவரை கொடுத்துவந்த வேகவைத்த லெட்டூஸ், ஸ்பைருலினா பாசித்தூள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஏறி உட்காரச் சாய்வாக ஒரு கல்லோ பட்டையோ வையுங்கள். ஏறமுடியாவிட்டால் மூழ்கிச் சாகும். வால் முழுதும் கரைந்த பிறகு பழ ஈ, ஈரமண்ணில் வாழும் மிகச் சிறிய உயிரான ஸ்பிரிங்டெயில், கடுகளவு சுவர்க்கோழிக் குஞ்சு. பழ ஈ வளர்ப்புக்குப்பி தயாராக இரண்டு வாரம் பிடிக்கும். முன்னங்கால் தெரியும்வரை காத்திருக்காமல் பின்னங்கால் முளைக்கும்போதே தொடங்கிவிடுங்கள்.

கேள்வி: தவளை குறிபார்த்து நாக்கை வீசுகிறது, பூச்சி மேல் படுகிறது, ஆனால் ஒட்டவில்லை. ஏன்?

பதில்: நல்ல கவனிப்பு. இது வைட்டமின் ஏ குறைவாக இருக்கலாம். நாக்கிலுள்ள பசை சுரப்பிகள் கெட்டியான செல்களாக மாறிப் பசை வற்றிவிடும். காப்பிடங்களில் வளர்த்த, அமெரிக்காவின் வயோமிங் தேரைகளிடம் இது தெளிவாகக் காணப்பட்டது. சுவர்க்கோழியில் வைட்டமின் ஏ மிகக் குறைவு. கேரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டினைத் தவளைகள் வைட்டமின் ஏ-வாக மாற்றிக்கொள்வதை நம்ப முடியாது. கேரட் ஊட்டிய பூச்சி மட்டும் போதாது. வாங்கும் வைட்டமின் தூளில், வைட்டமின் ஏ-வின் நேரடி வடிவமான ரெட்டினால் என்றோ ரெட்டினைல் அசிடேட் என்றோ எழுதியிருக்க வேண்டும். இமை வீக்கமும் சேர்ந்திருந்தால் மருத்துவரிடம் போங்கள், அளவு பார்த்து அவர் கொடுக்கட்டும். வைட்டமின் ஏ மிஞ்சினாலும் நஞ்சுதான்.

கேள்வி: பத்து நாளாகச் சாப்பிடவில்லை. வாயைத் திறந்து ஊட்டலாமா?

பதில்: வேண்டாம், தாடை உடையும். முதலில் வெப்பமானியைப் பாருங்கள். பல மரத்தவளைகளுக்கும் கொம்புத் தவளைக்கும் 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் வேண்டும். அதற்குக் கீழே போனால் பசி அடங்கும், தின்றதும் செரிக்காமல் வயிற்றிலேயே அழுகும். இரவில் இரை தேடும் தவளைக்குப் பகலில் விளக்கைப் போட்டுக் கொடுத்தால் தொடாது. இருட்டிய பின் கொடுங்கள். தொட்டி புதிது, இடம் மாற்றியது என்றாலும் சில நாள் வாய்மூடி இருக்கும். நல்ல உடம்போடு இருக்கும் வளர்ந்த தவளைக்கு இரண்டு வாரப் பட்டினி ஆபத்தில்லை, குட்டிக்கு மூன்று நாளே அதிகம். கிராம் காட்டும் தராசில் வாரம் ஒருமுறை எடைபோட்டு எழுதிவாருங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் எச்சத்தையும் ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் கிளம்புங்கள்; குடற்புழு இருக்கிறதா என்று அதில்தான் பார்ப்பார்.